காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை! ஏழைப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்த சீருடையின் கதை

கருவேப்பிலங்குறிச்சி, ஜூன்:

பள்ளிக்கூடம் திறந்தாச்சு! காலை 8 மணிக்கு கருவேப்பிலங்குறிச்சி பஸ் நிறுத்தத்தைப் பார்த்தால் போதும். விருத்தாசலம் போகிற பஸ்சில் தொங்குகிற பையன்கள் எல்லாம் ஒரே துணி, ஒரே நிறம். யார் மிராசுதார் வீட்டுப் பையன், யார் பீங்கான் சூளையில் வேலை பார்ப்பவர் மகன் என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது! 70, 80 வருஷத்துக்கு முன்னால் துணியைப் பார்த்தாலே பையனின் சாதி, சொத்து, அப்பா பார்க்கிற வேலை மூன்றும் தெரிந்து விடும். அந்த அடையாளத்தை அழிக்கத்தான் சீருடை வந்தது. அது வந்த கதை பலருக்குத் தெரியாது.

துண்டும் கோவணமும்

1940களில் தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு யூனிபாரம் என்று ஒன்று கிடையாது. இருக்கிறதைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

வசதியான வீட்டுப் பையன் நாலு முழ வேட்டி, சட்டை. டவுனில் படிக்கிற வக்கீல் மகன், தாசில்தார் மகன் என்றால் கோட்டு கூட உண்டு. நடுத்தர வீட்டுப் பையனுக்கு ஒரு டவுசர், தீபாவளிக்கு எடுத்த ஒரு சட்டை. ஏழை வீட்டுப் பையனுக்கு இடுப்பில் ஒரு துண்டு. அதுவும் இல்லாதவனுக்குக் கோவணம்தான்.

கோவணத்தோடு மாடு மேய்க்கலாம். வாத்தியார் முன்னால் போய் நிற்க முடியுமா? பையனுக்கே வெட்கம். நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கிற இடத்துக்கு எதுக்குப் போகணும் என்று நின்று விடுவான். படிப்பு வராமல் நின்றவனை விட, துணி இல்லாமல் நின்றவன் கணக்கு எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.

இந்தச் சமயத்தில் உலகப் போர் வேறு வந்து சேர்ந்தது. மில் துணி பட்டாளத்துக்குப் போனது. கடையில் துணி கிடைக்கவில்லை. கிடைத்தால் கறுப்பு மார்க்கெட் விலை. 1943ல் சர்க்கார் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. அரிசிக்கு நின்ற மாதிரி துணிக்கும் கியூவில் நின்ற காலம் அது. போர் முடிந்த பிறகும் துணிப் பஞ்சம் உடனே தீரவில்லை. பெரியவர்களுக்கே மாற்று வேட்டி இல்லாதபோது, பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சட்டை எங்கே இருந்து வரும்?

சட்டை போடவே தடை!

ஏழ்மை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதை விடக் கொடுமை. காசு இருந்தாலும் சட்டை போடக் கூடாது என்று சிலருக்குத் தடையே இருந்தது!

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் விதித்தார்கள். அதில் ஒன்று, ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது என்பது. இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலேதான் துணி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அடுத்த வருஷம், 1931ல், தடை 11 ஆனது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்து கொண்டது!

1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் என்ற வெள்ளைக்காரர், சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தத் தடைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்.

கவனியுங்கள். சட்டைக்கும் படிப்புக்கும் அடுத்தடுத்துத் தடை வருகிறது. ஒரு பையன் சட்டை போட்டால் நிமிர்ந்து நடப்பான், படித்தால் கேள்வி கேட்பான் என்று தடை போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பிற்பாடு சர்க்காரே ஒரு சட்டையைக் கொடுத்து, 'இதைப் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் வா' என்று சொன்னது சாதாரண விஷயம் இல்லை.

லண்டனில் ஆரம்பித்தது

சீருடை என்றால் கான்வென்ட் பள்ளிக்கூடம், டை, ஷூ, பணக்காரப் பிள்ளைகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சீருடை பிறந்ததே ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான்!

1552ல் லண்டனில் கிறிஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பெயரில்தான் ஹாஸ்பிடல். உண்மையில் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குமான விடுதிப் பள்ளி. எல்லாருக்கும் நீள நீலக் கோட்டு, மஞ்சள் காலுறை. தர்மத்துக்குக் கொடுத்த உடுப்பு அது. இன்றைக்கும் அந்தப் பள்ளியில் அதே மாதிரி உடுப்புத்தான்.

பணக்காரப் பள்ளிகள் தங்களுக்கென்று கோட்டு, தொப்பி, டை என்று வைத்துக் கொண்டது ரொம்ப காலம் கழித்துத்தான். அந்தப் பாணிதான் வெள்ளைக்காரன் கூடவே கப்பலேறி இங்கே வந்தது. ஊட்டி, ஏற்காடு, சென்னை என்று ஐரோப்பியர் பள்ளிகளில் அது புகுந்தது. நம் ஊரில் சீருடை முதலில் அந்தஸ்துச் சின்னமாக வந்து, பிறகுதான் ஏழைப் பையன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

காக்கி எப்படி வந்தது?

சரி, ஏன் காக்கி டவுசர்? சிவப்போ பச்சையோ வைத்திருக்கலாமே?

காக்கி என்ற சொல்லுக்கு அர்த்தமே புழுதி. பாரசீகச் சொல். 1846ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு படை திரட்டினார். புழுதியோடு புழுதியாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் படைக்கு மண் நிறத்தில் உடுப்புக் கொடுத்தார். அது பட்டாளம் முழுக்கப் பரவியது. பட்டாளத்தில் இருந்து போலீசுக்குப் போனது. தபால்காரர், பஸ் டிரைவர் எல்லாருக்கும் வந்தது.

நம் சென்னை மாநகரத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பெரம்பூர் பின்னி மில்லை யாருக்குத் தெரியாது? பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் மில் என்பது அதன் முழுப் பெயர். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்து பெயர் வாங்கிய மில். சாயம் போகாது, கிழியாது என்று 'பின்னி காக்கி'க்கு ஒரு தனி மவுசு. 1996ல் அந்த மில் மூடப்பட்டு விட்டது. ஆனால் பின்னி காக்கியைத் தடவிப் பார்த்து வாங்கிய ஜவுளிக்கடைக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

பையன்கள் இடுப்புக்கு அரைக்கால் டவுசர் வந்தது சாரணர் இயக்கத்தாலும்தான். பேடன் பவல் 1907ல் இங்கிலாந்தில் அதை ஆரம்பித்தார். காக்கிச் சட்டை, அரைக்கால் டவுசர், கழுத்தில் துணி. ஆரம்பத்தில் இங்கே வெள்ளைக்காரப் பையன்களுக்குத்தான் இடம். நம் பையன்களுக்காக அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையில் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். 1921ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது அவரோடு சேர்ந்தது.

சுதந்திரம் வந்தது. 1948ல் என்.சி.சி. வந்தது. 1950ல் பாரத் சாரணர் இயக்கம் வந்தது. ஹைஸ்கூல் மைதானத்தில் காக்கி உடுப்போடு பையன்கள் 'லெப்ட் ரைட்' போட்டால் வேலி ஓரம் நின்று ஊரே வேடிக்கை பார்க்கும்.

தாய்மார்களுக்குக் காக்கி பிடித்துப் போனதற்குக் காரணம் வேறு. அழுக்குத் தெரியாது! செம்மண்ணில் புரண்டாலும் தட்டிவிட்டால் போச்சு. அப்படியானால் சட்டை மட்டும் ஏன் வெள்ளை? அதிலும் கணக்கு இருக்கிறது. சாயம் போடாத துணி, அதனால் விலை குறைவு. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கடைக்குக் கடை நிறம் மாறாது. ஒன்றுமே இல்லாவிட்டால் அப்பாவின் பழைய வேட்டியில் நல்ல பாகத்தைக் கிழித்து மகனுக்கு ஒரு சட்டை தைத்து விடலாம்!

முதலில் சோறு, பிறகு துணி

1954ல் காமராசர் முதல்வர் ஆனார். 6ம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். பையன் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பசி ஒரு காரணம். அதற்கு 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. சோறு கிடைத்ததும் பிள்ளைகள் வந்தார்கள். வந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தன் சட்டையோடு, பக்கத்தில் ஒருத்தன் வெற்று உடம்போடு!

அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. காமராசரின் வலது கை மாதிரி நின்று வேலை செய்தவர். சர்க்கார் கஜானாவில் இருக்கிற காசு வாத்தியார் சம்பளத்துக்கே சரியாக இருக்கிறது. என்ன செய்வது?

ஊரையே கேட்டு விடுவோம் என்று முடிவு செய்தார்கள். 1958ல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பிறந்தது. ஊர் ஊராக மாநாடு. பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். கூரை வேண்டும், பெஞ்சு வேண்டும், கரும்பலகை வேண்டும், குடிதண்ணீர்ப் பானை வேண்டும், பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டும். மிராசுதார் ஒன்றைக் கொடுப்பார். கடைக்காரர் ஒன்றைக் கொடுப்பார். ஒன்றும் இல்லாதவர் உடம்பால் உழைத்துக் கொடுப்பார்.

கொடுத்தவருக்கு மேடையில் மரியாதை. முதலமைச்சரே மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்து விடுவார். அவர் முன்னால் 'நான் கொடுக்க மாட்டேன்' என்று எந்தப் பெரிய மனிதர் சொல்வார்?

1960ஐ ஒட்டி இலவசக் கல்வியும் இலவசச் சீருடையும் பேச்சாக இல்லாமல் நடைமுறைக்கு வந்தன. ஊர்ப் பணத்தில் வாங்கிய துணியை அந்த ஊர்ப் பையன்களே போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. தர்மத் துணி என்றால் வாங்குகிறவனுக்குக் கூச்சம். 'இவன் ஓசிச் சட்டை' என்று கேலி வரும். ஆனால் பணக்காரப் பையனும் அதே காக்கி, அதே வெள்ளை போட்டால் எது ஓசி, எது காசு கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்? இலவசம் கொடுத்தது பெரிது. இலவசம் என்று தெரியாமல் கொடுத்தது அதை விடப் பெரிது!

ஒரே செட், ஒரே கவலை

அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேட்டால் எல்லாரும் சொல்லுகிற விஷயம் ஒன்று. 'ஒரு செட்டுதான் இருந்துச்சு!'

சாயங்காலம் வந்ததும் கழற்ற வேண்டும். ராத்திரி 501 பார் சோப் போட்டுத் துவைக்க வேண்டும். சோப் இல்லாத வீட்டில் உவர்மண். வெள்ளைச் சட்டை மஞ்சளடித்துப் போகாமல் கொஞ்சம் நீலம். கஞ்சித் தண்ணியில் முக்கிக் காயப் போட வேண்டும். மழைக்காலம் என்றால் அடுப்பங்கரையில் கயிறு கட்டிக் காயவைப்பார்கள். காலையில் சட்டையில் புகை வாசனை வீசும்.

இஸ்திரிப் பெட்டி எல்லா வீட்டிலும் ஏது? பித்தளைச் செம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்ப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து விட வேண்டியதுதான். காலையில் மடிப்பு நிற்கும்!

தையல்காரருக்கு மே, ஜூன் மாதம் வந்தால் சோறு தண்ணி கிடையாது. காஜா எடுக்கிற பையனுக்கு விரல் ஓய்ந்து போகும். எல்லா அப்பாக்களும் சொல்லுகிற வாசகம் ஒன்றே ஒன்றுதான்: 'வளர்ற பையன், கொஞ்சம் பெரிசா தைங்க!' முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தொங்குகிற டவுசர் தைப்பார்கள். உள்ளே மடிப்பு விட்டு வைப்பார்கள். வருஷா வருஷம் அதைப் பிரித்து இறக்கிக் கொள்ளலாம். இறக்கிய இடத்தில் பழைய மடிப்புக் கோடு வெளுக்காமல் தெரியும். அந்தக் கோட்டை எண்ணினாலே டவுசருக்கு எத்தனை வயசு என்று சொல்லி விடலாம்!

இடுப்பு பெரிசாக இருந்தால் அரைஞாண் கயிறு இருக்கிறது. பித்தான் போனால் ஊக்கு இருக்கிறது. பெஞ்சில் தேய்ந்து பின்பக்கம் கிழிந்தால் 'தபால்பெட்டி' என்று பெயர். ஒட்டுப் போட்டுத் தைத்தால் கண்ணாடி போட்ட மாதிரி இரண்டு வட்டம். இதை எல்லாம் கேலி செய்தவனுக்கும் அடுத்த மாதம் தபால்பெட்டி திறந்து விடும். அதனால் கேலி நிலைக்கவில்லை!

அரைக்கால் எப்போது முழுக்கால் ஆகும்?

பையன்களுக்கு இன்னொரு துயரம் இருந்தது. மீசை அரும்பிய பிறகும் அரைக்கால் டவுசர்!

எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பையன்கூட முழங்கால் தெரிய நிற்பான். கொஞ்சம் வசதி இருந்தால் வேட்டிக்கு மாறுவான். 'பேண்ட்' என்பது காலேஜுக்குப் போகிறவனுக்குத்தான். முதல் பேண்ட் போட்ட நாளை ஆண்பிள்ளைகள் மறப்பதில்லை. அன்றைக்குத்தான் 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

1970களில் டெரிகாட்டன் துணி பரவியது. துவைத்தால் சீக்கிரம் காயும். கஞ்சி வேண்டாம், சுருக்கம் விழாது. ஒரு செட் வைத்திருந்தவனுக்கு அது பெரிய வரம். பருத்தித் துணி மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது. வெயில் காலத்தில் வேர்த்துக் கொட்டியதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

எம்.ஜி.ஆர். கொடுத்த செட்

காமராசர் காலத்தில் சீருடைக்கு ஊரார் தயவு வேண்டியிருந்தது. பணக்கார ஊரில் நிறையக் கிடைக்கும். ஏழை ஊரில் குறையும். அதற்கு முடிவு வந்தது எம்.ஜி.ஆர். ஆட்சியில்.

1982 ஜூலை 1ந்தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1985ல் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்குச் சர்க்கார் செலவிலேயே ஆளுக்கு ஒரு செட் சீருடை என்று திட்டம் வந்தது. மறுபடியும் பாருங்கள். முதலில் சோறு, மூன்று வருஷம் கழித்துத் துணி. காமராசர் போன அதே பாதை!

துணியை நெசவாளர் கூட்டுறவு சங்கங்களிடம் வாங்கினார்கள். தையல் வேலையைப் பெண்கள் தையல் கூட்டுறவு சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் என்று பல குடும்பங்களுக்கு அந்த மிஷின் சோறு போட்டது. பையன் போடுகிற சட்டையில் ஒரு நெசவாளி கூலியும் ஒரு தாயின் கூலியும் சேர்ந்தே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மொத்தமாகத் தைத்து மூட்டை கட்டி அனுப்பியதால் ஒல்லிப் பையனுக்குத் தொளதொள, குண்டுப் பையனுக்கு மூச்சு முட்டும். மறுபடி உள்ளூர்த் தையல்காரரிடம் ஓட வேண்டும். ஒரு செட்டுதான் என்பதால் ராத்திரித் துவையலும் ஓயவில்லை.

2010களில் ஜெயலலிதா ஆட்சியில் ஒரு செட் நான்கு செட் ஆனது. நடுநிலைப் பள்ளிப் பையன்களுக்கும் முழுக்கால் பேண்ட் கிடைத்தது. காக்கியும் வெள்ளையும் மெல்ல விடைபெற்று, வகுப்புக்கு ஏற்ற நிறம், கட்டம் போட்ட சட்டை என்று மாறிவிட்டது. பழைய தபால்பெட்டி டவுசர் இன்றைக்குச் சினிமாவில்தான் தெரிகிறது.

சட்டை ஒன்று, கயிறு வேறு!

இத்தோடு கதை சுபம் என்று முடித்து விடலாம். முடியவில்லை!

சட்டையை ஒன்றாக்கினோம். பையன்கள் சிலர், பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து, கையில் கலர் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். இந்தச் சாதிக்கு இந்த நிறம், அந்தச் சாதிக்கு அந்த நிறம். சட்டை மறைத்ததை மணிக்கட்டு காட்டிக் கொடுத்தது!

2019ல் பள்ளிக் கல்வித் துறையே சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். ஒரே சீருடை போட்டவர்கள்! நாடே அதிர்ந்தது.

அரசு உடனே ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டுகிற கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளிக்குள் கூடாது என்பது அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று.

1930ல் சட்டையைக் கழற்றச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1960ல் ஊரே கூடிச் சட்டை கொடுத்தது. சட்டையைக் கொடுக்க ஒரு தலைமுறை பாடுபட்டது. கயிறை அவிழ்க்க இன்னொரு தலைமுறை பாடுபட வேண்டுமா?

துணிக்குச் சர்க்கார் பொறுப்பு. கயிறுக்கு வீடுதான் பொறுப்பு. நாளைக் காலையில் பையனுக்குச் சட்டைப் பித்தான் போட்டு விடும்போது, அப்பா அம்மா அப்படியே மணிக்கட்டையும் ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது!